ஊர் கூடிக் கட்டிய கோயில்
ஏர் பிடித்த கைகள் களிமண்ணில் செய்த அற்புதம்

லண்டன் மாநகரில் இருந்து தென்மேற்கே சுமார் 30 மைல் போனால் கில்ட்போர்டு என்ற பட்டணம் வரும். அங்கிருந்து மூன்று மைல் தூரத்தில் காம்ப்டன் என்று ஒரு கிராமம் இருக்கிறது. சர்ரே ஜில்லாவைச் சேர்ந்த சின்னஞ்சிறிய ஊர்.

ஊருக்கு வெளியே ஒரு சிறு குன்று. அதன் சரிவில் கல்லறைத் தோட்டம். கல்லறைகளுக்கு நடுவே படியேறிப் போனால், செக்கச் சிவந்த ஒரு கட்டடம் கண்ணில் படும்.

அது ஒரு சிற்றாலயம். இறந்தவரை அடக்கம் செய்யுமுன், உடலை உள்ளே வைத்து உறவினர் பிரார்த்தனை செய்வதற்காகக் கட்டப்பட்டது. அளவில் மிகச் சிறியது.

ஆனால் அதைப் பார்க்கப் பல நாடுகளில் இருந்தும் மக்கள் வருகிறார்கள். வந்தவர்கள் சுவரைத் தொட்டுப் பார்க்கிறார்கள். “இதைச் செய்த சிற்பிகள் யார்?” என்று கேட்கிறார்கள்.

கிடைக்கும் பதில் அவர்களைத் திகைக்க வைக்கிறது.

அதைச் செய்தவர்கள் சிற்பிகளே அல்ல! வயலில் வேலை செய்தவர்கள், குதிரை வண்டி ஓட்டியவர்கள், தோட்ட வேலைக்காரர்கள், குடும்பப் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். 70-க்கும் மேற்பட்ட ஊர்மக்கள் சேர்ந்து இந்த வேலையைச் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பு சித்திரம் வரைந்ததும் இல்லை, களிமண்ணைப் பிசைந்ததும் இல்லை.

இது எப்படி நடந்தது?

இடம் போதாத கல்லறை

காம்ப்டனில் மிகப் பழைய தேவாலயம் ஒன்று உண்டு. புனித நிக்கோலஸ் ஆலயம் என்று பெயர். 900 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயது அதற்கு. ஊரில் யார் இறந்தாலும் அந்த ஆலயத்தின் சுற்று நிலத்தில்தான் அடக்கம் செய்வார்கள்.

தலைமுறை தலைமுறையாக அடக்கம் செய்து வந்ததால், 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே இடம் இல்லாமல் போயிற்று.

அப்போது விக்டோரியா மகாராணி ஆண்ட காலம். 1894-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு புதிய சட்டம் வந்தது. கிராமங்களில் மக்களே ஓட்டுப் போட்டு ஊர்ச்சபையைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது அந்தச் சட்டம். நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஊர்க் காரியங்களை நிலச்சுவான்தார்களும் பாதிரியாருமே நடத்தி வந்தார்கள். புதிய சபையில் கூலிக்காரரும் உட்காரலாம், பெண்களும் உட்காரலாம்.

காம்ப்டன் ஊர்ச்சபை 1895-ம் ஆண்டில் குன்றின் மேல் நிலம் வாங்கிப் புதிய கல்லறைத் தோட்டம் அமைத்தது.

நிலம் கிடைத்துவிட்டது. அங்கே பிரார்த்தனை செய்ய ஒரு கூரை வேண்டாமா?

“அந்தச் சிற்றாலயத்தை நான் கட்டித் தருகிறேன்” என்று முன்வந்தார் ஒரு பெண்மணி. அவர் பெயர் மேரி வாட்ஸ்.

இந்தியாவில் பிறந்தவர்

மேரி அம்மையார் 1849-ம் ஆண்டில் பிறந்தவர். பிறந்த நாடு எது தெரியுமா? நம் இந்தியா! அவருடைய தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். ஆனால் மேரி வளர்ந்தது ஸ்காட்லாந்தில், பாட்டனார் வீட்டில். பிறகு லண்டனில் சித்திரமும் சிற்பமும் படித்தார்.

1886-ம் ஆண்டில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகன் ஜார்ஜ் பிரடெரிக் வாட்ஸ். இங்கிலாந்து முழுவதும் பெயர் பெற்ற ஓவியர். பியானோ செய்யும் ஏழைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, பெரும் புகழ் அடைந்தவர். ‘நம்பிக்கை’ என்ற அவருடைய படம் உலகப் பிரசித்தம். கண்ணைக் கட்டிக்கொண்ட ஒரு பெண் பூமி உருண்டையின் மேல் உட்கார்ந்து, ஒரே ஒரு தந்தி மிஞ்சிய யாழை மீட்டுகிற படம் அது.

அரசாங்கம் அவருக்கு ‘பாரனெட்’ பட்டம் கொடுக்க இரண்டு தடவை முன்வந்தது. இரண்டு தடவையும் “வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்!

திருமணத்தின்போது அவருக்கு வயது 69. மேரிக்கு 36. கணவரின் பெயர் மலைபோல் உயர்ந்து நின்றது. அந்த மலையின் நிழலில் மனைவியின் திறமை பலருக்குத் தெரியவில்லை.

வாட்சின் உடல் நலத்துக்கு லண்டன் பனிக்காலம் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் தம்பதிகள் காம்ப்டனில் வீடு கட்டி, 1891-ம் ஆண்டில் குடியேறினார்கள். வீட்டின் பெயர் லிம்னர்ஸ்லீஸ்.

வியாழக்கிழமை வகுப்பு

அந்தக் காலத்து இங்கிலாந்துக் கிராமங்களின் நிலைமை நன்றாக இல்லை. அமெரிக்காவில் இருந்து மலிவான கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. உள்நாட்டு விவசாயம் நொடித்தது. கூலி வேலை செய்தவர்கள் பிழைப்பைத் தேடிப் பட்டணங்களுக்குப் போனார்கள். பட்டணத்து ஆலைகளில் எந்திரங்கள் எல்லாச் சாமான்களையும் செய்து குவித்தன. கிராமத்துக் கைத்தொழில்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன.

இதைக் கண்டு கவலைப்பட்ட சிலர், 1884-ம் ஆண்டில் ‘வீட்டுக் கலை, கைத்தொழில் சங்கம்’ ஒன்றைத் தொடங்கினார்கள். படித்தவர்கள் கிராமங்களில் மாலை வகுப்பு நடத்தி, மரச் செதுக்கு, தையல், மண்பாண்டம் போன்ற வேலைகளைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது சங்கத்தின் நோக்கம்.

மேரி அம்மையாரும் அந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர்தான். லிம்னர்ஸ்லீஸ் நிலத்தில் நல்ல களிமண் இருப்பது தெரிந்தது. அதைப் பார்த்ததும் அம்மையாருக்கு ஒரு யோசனை உதித்தது.

பட்டணத்தில் இருந்து கைதேர்ந்த சிற்பிகளைக் கூலிக்கு அழைத்திருக்கலாம். வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். அம்மையார் அப்படிச் செய்யவில்லை.

“இந்த ஊர்க்காரர்கள் நாளைக்குப் படுக்கப் போகிற இடம் இது. இந்த ஊர்க்காரர்களே இதைச் செய்யட்டும்” என்பது அவர் எண்ணம்.

1895-ம் ஆண்டின் குளிர்காலத்தில் வகுப்பு தொடங்கியது. ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும் ஊர்மக்கள் அம்மையாரின் வீட்டுக்கு வந்தார்கள். பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள், விளக்கு வெளிச்சத்தில் களிமண்ணோடு உட்கார்ந்தார்கள்.

மண் கற்றுக்கொடுத்த பாடம்

களிமண்ணில் உருவம் செய்வது லேசான வேலை என்று நினைக்கக் கூடாது.

முதலில் மண்ணில் உள்ள கல், வேர் எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்க வேண்டும். பிறகு நன்றாகப் பிசைய வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி தங்கிவிட்டால், சூளையில் அந்த ஓடு கெட்டுப் போகக்கூடும்.

பிசைந்த மண்ணில் அம்மையார் வரைந்து கொடுத்த சித்திரத்தைப் பார்த்து உருவம் எடுக்க வேண்டும். ஒரே மாதிரியான ஓடுகள் பல வேண்டுமானால், அச்சு எடுத்து அதில் மண்ணை அழுத்த வேண்டும்.

அதன் பிறகு நிழலில் மெதுவாகக் காய வைக்க வேண்டும். அவசரப்பட்டால் மண் கோணிக்கொள்ளும். அப்புறந்தான் சூளை.

இன்னொரு சங்கடமும் உண்டு. காயும்போதும் வேகும்போதும் களிமண் சுருங்கும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்து போகும்! ஆகையால் வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே செய்ய வேண்டும். சுவரில் பதிக்கும்போது ஒரு ஓட்டின் கொடி அடுத்த ஓட்டின் கொடியோடு இழை பிசகாமல் சேர வேண்டும்.

எழுபதுக்கும் மேற்பட்டவர்களின் கை வேலை அப்படிச் சேர வேண்டும் என்றால், எவ்வளவு பொறுமை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்!

மேரி அம்மையார் ஒரு காரியத்தில் மிகவும் கண்டிப்பாக இருந்தார். சித்திரம் அவருடையது, அதை மாற்றக் கூடாது. ஆனால் விரல் ஊர்க்காரருடையது. ஒருவர் செய்த தேவதூதரின் முகமும், அடுத்தவர் செய்த முகமும் சிறிது வேறுபட்டால், அது குறையாகக் கருதப்படவில்லை. இன்றைக்கும் அந்தச் சுவரை உற்றுப் பார்த்தால், கைக்குக் கை உள்ள வித்தியாசம் தெரிகிறது.

ஊர்க் கொல்லரும் சும்மா இருக்கவில்லை. கதவின் இரும்பு வேலைகளை அவர் செய்து கொடுத்தார்.

வட்டமும் சிலுவையும்

கட்டட வேலை 1896-ம் ஆண்டில் தொடங்கியது. 1898-ம் ஆண்டில் சிற்றாலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

மேலே இருந்து பார்த்தால், வட்டமும் சிலுவையும் பின்னிய உருவம் தெரியும். வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஆகவே அது என்றும் அழியாத வாழ்வைக் குறிக்கிறது. சிலுவை கிறிஸ்தவ நம்பிக்கையைக் குறிக்கிறது.

வெளிச்சுவர் முழுவதும் செந்நிறச் சுடுமண். ஸ்காட்லாந்து, அயர்லாந்து முதலிய நாடுகளின் பழைய கற்சிலுவைகளில் ஒருவித முடிச்சுக் கோலம் இருக்கும். ஒரே கோடு வளைந்து வளைந்து பின்னிக்கொண்டே போகும். ஸ்காட்லாந்தில் வளர்ந்த மேரி அம்மையார் அந்தக் கோலத்தை இந்தச் சுவர்களில் ஓடவிட்டார். அதன் நடுவே மயில் முதலிய பறவைகள், மரங்கள், தேவதூதர்கள்.

நம்பிக்கை, உண்மை, அன்பு, ஒளி ஆகிய நான்கும் நான்கு புறத்திலும் உருவங்களாக இருக்கின்றன. வாசலின் வளைவைச் சுற்றித் தேவதூதரின் முகங்கள் வரிசையாக எட்டிப் பார்க்கின்றன.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் படிக்கக்கூடிய புத்தகம் என்று அந்தச் சுவரைச் சொல்லலாம். ஒவ்வொரு உருவத்துக்கும் பொருள் என்ன என்பதை விளக்கி, மேரி அம்மையார் பிறகு ஒரு சிறு நூலே எழுதினார்.

உள்ளே ஒரு தங்க உலகம்

வெளியே சிவப்பு மண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே கால் வைப்பவர்கள், அப்படியே நின்றுவிடுகிறார்கள்.

உள்ளே எங்கு பார்த்தாலும் வர்ணம்! பச்சை, நீலம், சிவப்பு, பொன். சுவர் முழுவதும் ‘ஜீவ விருட்சம்’ படர்ந்திருக்கிறது. வேர் கீழே பின்னிக் கிடக்கிறது. கிளைகள் மேலே ஏறுகின்றன. அவற்றுக்கு இடையே சிறகு விரித்த தேவதூதர்கள் வட்டமாக நிற்கிறார்கள்.

அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு தேவதூதர் நம்மைப் பார்த்து நிற்கிறார். அடுத்தவர் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். இப்படியே மாறி மாறி வருகிறது. ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு. பகலும் இரவும், வாழ்வும் சாவும் ஜோடி ஜோடியாக வருகின்றன.

அன்பானவரைப் பறிகொடுத்துக் கலங்கி நிற்பவர்கள் வந்து நிற்கிற இடம் அது. இருட்டுக்குப் பக்கத்திலேயே வெளிச்சம் நிற்கிறது என்று சுவர் அவர்களுக்குச் சொல்லுகிறது.

இந்த உள்வேலை சாந்தினால் செய்யப்பட்டது. சாந்தைப் புடைப்பாக இழைத்து, வர்ணம் தீட்டி, பொன் பூசியிருக்கிறார்கள். வெளிவேலையைவிடக் கடினமான வேலை. ஆகையால் மேரி அம்மையாரும், நன்றாகப் பழகிய சில உதவியாளர்களுமே இதைச் செய்தார்கள். முடிவதற்கு 1904-ம் ஆண்டு ஆகிவிட்டது. அதற்குள் விக்டோரியா மகாராணியே 1901-ம் ஆண்டில் காலமாகிவிட்டார்.

கிழவரின் கடைசிக் காணிக்கை

இவ்வளவுக்கும் பணம் யார் கொடுத்தது?

மனைவியின் முயற்சிக்குப் பணம் கொடுத்தவர் வாட்ஸ்தான். எண்பது வயதிலும் அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. பிரமுகர்களின் உருவப் படங்களை வரைந்து, அதில் வந்த பணத்தைச் சிற்றாலயத்துக்குக் கொடுத்தார்.

பீடத்தின் மேல் வைப்பதற்கு ஒரு படமும் வரைந்தார். சிறகுள்ள ஒரு மாபெரும் உருவம், நட்சத்திரங்கள் நிறைந்த உலக உருண்டையை மடியில் ஏந்தி உட்கார்ந்திருக்கிறது. ‘எங்கும் நிறைந்தது’ என்று அந்தப் படத்தின் பெயருக்குப் பொருள்.

அந்தப் படத்தை முடித்துக் கொடுத்துச் சுமார் மூன்று மாதத்தில், 1904-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி, வாட்ஸ் காலமானார். அப்போது அவருக்கு வயது 87. அவருடைய சாம்பல் அந்தக் கல்லறைத் தோட்டத்திலேயே வைக்கப்பட்டது.

வகுப்பு தொழில் ஆயிற்று

சிற்றாலயத்தின் வெளிவேலை முடிந்ததும் வகுப்பைக் கலைத்துவிடலாம் என்று மேரி அம்மையார் நினைக்கவில்லை. கற்றுக்கொண்ட கைகள் சும்மா இருக்கலாமா?

ஊரிலேயே ஒரு மண்பாண்டத் தொழிற்சாலை ஏற்பட்டது. ‘காம்ப்டன் குயவர் கலைச் சங்கம்’ என்று பெயர் வைத்தார்கள். தோட்டத்துக்கு வேண்டிய பெரிய பெரிய பூந்தொட்டிகள், சூரியக் கடிகாரப் பீடங்கள், கல்லறைச் சின்னங்கள் எல்லாம் அங்கே உருவாயின. லண்டனில் பெயர் பெற்ற லிபர்ட்டி கடையில் காம்ப்டன் தொட்டிகள் விற்பனைக்கு வந்தன.

தொழில் பழக வந்த இளைஞர்கள் தங்குவதற்கு விடுதியும் கட்டப்பட்டது. அதோடு சேர்த்துக் கட்டிய சித்திரக் காட்சிசாலை 1904-ம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்டது. வாட்ஸ் வரைந்த படங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.

பிழைப்புக்காக ஊரை விட்டுப் போக வேண்டிய காலத்தில், அந்த ஊரிலேயே பிழைப்பு உண்டாயிற்று. மேரி அம்மையாரின் உண்மையான வெற்றி இதுதான் என்று சொல்லலாம்.

மேரி அம்மையார் 1938-ம் ஆண்டில், 88-வது வயதில் காலமானார். அவருக்குப் பிறகும் தொழிற்சாலை நடந்தது. இரண்டாவது உலக யுத்தத்தையும் தாண்டியது. 1950-களில் மூடப்பட்டது. வியாழக்கிழமை வகுப்பில் பிறந்த தொழில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஊருக்குச் சோறு போட்டது.

நிழல் மாறியது

காலம் ஒரு வேடிக்கை செய்தது.

வாட்ஸ் உயிரோடு இருந்தவரை, மேரி என்றால் “பெரிய ஓவியரின் மனைவி” என்றுதான் உலகம் சொல்லிற்று. வாட்ஸ் மறைந்த பிறகு, ரசனை மாறியது. அவருடைய ஓவியங்களைப் பழைய பாணி என்று ஒதுக்கினார்கள். பல காலம் அவற்றைக் கவனிப்பார் இல்லை.

சிற்றாலயத்தையும் எல்லோரும் புகழ்ந்துவிடவில்லை. “இவ்வளவு அலங்காரமா? மூச்சு முட்டுகிறது” என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

ஆனால் பார்க்க வருகிறவர் தொகை பெருகியது. இன்று அந்தச் சிற்றாலயம் இங்கிலாந்து அரசாங்கத்தின் பாதுகாப்புப் பட்டியலில் முதல் வகுப்பில் இருக்கிறது. பெரிய அரண்மனைகளுக்கும் பேராலயங்களுக்கும் கொடுக்கும் அதே வகுப்பு! மேரி அம்மையாரின் வீடும் 2016-ம் ஆண்டில் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டது. இப்போது காம்ப்டனுக்கு வருகிறவர்கள் கணவரின் படங்களோடு மனைவியின் வேலையையும் பார்க்கவே வருகிறார்கள்.

யார் யார் அங்கே?

பிரபல நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1963-ம் ஆண்டில் அமெரிக்காவில் காலமானார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய சாம்பல் காம்ப்டனுக்குக் கொண்டு வரப்பட்டது. அவருடைய பெற்றோரின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. அவர்களோடு அவரும் சேர்ந்துவிட்டார்.

உலகம் அறிந்த எழுத்தாளருக்கும், உலகம் அறிந்த ஓவியருக்கும், ஊர் மட்டுமே அறிந்த உழைப்பாளிக்கும் ஒரே குன்று, ஒரே புல். கல்லறைகள் சிலவற்றின் மேல் சலவைக்கல் இல்லை. காம்ப்டன் களிமண்ணில் செய்து சுட்ட சிவப்புச் சின்னங்களே நிற்கின்றன.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று நம்மவர்கள் சொல்வார்கள். தேர் இழுக்கும்போது யார் கை முன்னே, யார் கை பின்னே என்று யாரும் எழுதி வைப்பது இல்லை. காம்ப்டனிலும் அப்படித்தான். சித்திரம் போட்ட மேரி அம்மையாரின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. வியாழக்கிழமை மாலைகளில் மண் பிசைந்தவர்களில் பலருடைய பெயர் அவ்வளவாக வெளியே தெரியாது.

ஆனால் அவர்கள் செய்த ஓடுகள் நூறு ஆண்டுகளுக்கு மேல் வெயிலையும் மழையையும் பனியையும் தாங்கிச் சுவரில் இருக்கின்றன. கதவும் திறந்தே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.